ஈடில்லாக் கடன் என்றொரு பொய்

சென்ற மகளிர் தினத்தன்று திண்டிவனத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த விழாவுக்கு வாழ்த்துரை வழங்க என்னை அழைத்திருந்தார்கள். தமிழாசிரியன் என்பவன் வாழ்த்துவதற்கென்றே பிறந்தவன் என்பது எங்கள் பகுதியில் நிலைபெற்றுவிட்ட நம்பிக்கை. எனக்கு முன்னால் பேசியவர் நுண்கடன் நிறுவனம் ஒன்றின் அதிகாரி. நல்ல பேச்சாளர். "எங்களுக்கு நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஈடு என்று எதுவுமே வேண்டாம். உங்கள் நாணயம் ஒன்றே போதும்" என்றார். மேடையில் இருந்தோர் கைதட்டினார்கள். கடனைத் திருப்பிக் கட்டுவதன் மாண்பை விளக்க, இலங்கை வேந்தனைக் கடன்பட்டவனோடு ஒப்பிடும் அந்தப் புகழ்பெற்ற வரியையும் கம்பன் பெயரால் எடுத்துவிட்டார். மறுபடியும் கைதட்டல். கீழே நாற்காலிகளில் அமர்ந்திருந்த பெண்களில் பெரும்பாலோர் தட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும், என் முறை வந்தபோது வழக்கம்போல் நான்கு நல்ல வார்த்தை சொல்லிச் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். காலம் தாழ்ந்த துணிச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மேடை ஏறுகிற எவரும் தம் சொந்தச் சரக்கைக் கம்பன் தலையில் ஏற்றிவிடலாம், கேட்பாரில்லை. வட்டி வாங்குவோர் அந்த வரியை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அது கலங்குகிறவனைப் பற்றியே பேசுகிறது. கலங்க வைத்தவனைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது.

கடன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டில் அது கடமை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவருக்கும் அவரவர் கடனைப் பகிர்ந்து வைக்கிறார். யாரும் யாருக்கும் வட்டி கட்டவில்லை. அந்தச் சொல் பிற்காலத்தில் பணத்தின் பக்கம் சாய்ந்தது மொழியின் இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நிறுவனங்கள் செய்வது வேறு. பணக் கடனை மீண்டும் கடமையாக்குகின்றன. வாரக் கூட்டத்தில் பெண்களை வரிசையாக உட்காரவைத்து உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்கள். தவணையைத் தவறாமல் கட்டுவேன், என் குழுவினர் கட்ட முடியாதபோது அவர்களுக்காகவும் கட்டுவேன் என்ற பொருளில் அமைந்த உறுதிமொழி. நானும் நீங்களும் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கும்போது எழுந்து நின்று உறுதிமொழி சொன்னோமா? வாங்கிய கடனைக் கட்டுவதைப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைபோல் ஒப்புவிக்க வேண்டியவர்கள் ஏழைப் பெண்கள் மட்டும்தானா?

ஈடு வேண்டாம் என்ற பொய்க்கு வருகிறேன். வைணவ உரைமரபில் ஈடு என்றால் திருவாய்மொழிக்கு எழுந்த பேருரை. கடைத்தெருவில் ஈடு என்றால் அடகு. இந்த ஈட்டுக்குத்தான் இப்போது உரை எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எல்லாவற்றுக்கும் 'குழு' என்றே பெயர். அந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் சூழ்ச்சி தொடங்குகிறது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிப் பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுவதும் பரவியது சுய உதவிக் குழு. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து முதலில் சேமிப்பார்கள். தீர்மானப் புத்தகம் எழுதுவார்கள். தங்கள் சேமிப்பிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துப் பழகுவார்கள். அதன்பிறகே வங்கி அந்தக் குழுவுக்குக் கடன் தரும். நபார்டு வங்கி 1992இல் இந்த இணைப்பைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. குறைகள் உண்டு, கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கு ஆள் திரட்டும் கருவியாகவும் அது ஆனதுண்டு. ஆனாலும் அதில் ஒரு பெண் கையெழுத்துப் போட்டால் அது அவளுடைய சேமிப்புக்குப் போட்ட கையெழுத்து.

இன்று ஊருக்குள் வாரந்தோறும் பைக்கில் வரும் இளைஞர் கொண்டுவருவது அந்தக் குழு அல்ல. கூட்டுப் பொறுப்புக் குழு. பெரும்பாலும் ஐந்து பேர். சேமிப்புக் கிடையாது, தீர்மானம் கிடையாது, தலைவி என்று ஒருத்தி உண்டு, அவள் வேலை ஆளைக் கூட்டி வருவது. ஐவரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். வேறு நிபந்தனை ஒன்றுமில்லை. நகைக்கும் பத்திரத்துக்கும் பதிலாக நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வது இந்த நால்வரைத்தான். அக்கம்பக்கத்தை அடகு பிடித்துவிட்டு ஈடு வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. ஏரிகள் உடைந்தன, மல்லாட்டை விதைத்த நிலமும் நெல்லும் ஒன்றாய்க் கிடந்தன. மாணவர்கள் திரட்டிய துணியும் அரிசியும் எடுத்துக்கொண்டு, பல நாளாக வகுப்புக்கு வராத ஒரு மாணவியின் தெருவுக்கு நாங்கள் போனோம். அவள் தாய் மலையடிவாரத்தில் தேங்காய், பூ, கற்பூரம் வைத்து விற்பவர். முருகன் கோயில் வியாபாரம் செவ்வாயும் கிருத்திகையும் பங்குனி உத்திரமும் பார்த்து நடப்பது. மற்ற நாள்களில் பூ வாடுவதுதான் மிச்சம். அவருடைய குழுக் கூட்டமோ செவ்வாய்க்கிழமை காலையில். ஒரு வாரத்தில் நாலு காசு பார்க்கக்கூடிய அந்தக் காலை வேளையில் அம்மா கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார், மகள் கடையில் உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்தோறும் முதல் மணி நேரத்துக்கு அந்தப் பெண் வராததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. இரண்டு ஆண்டுகளாக நான் அவளை அதற்காகக் கடிந்துகொண்டிருந்தேன்.

புயலால் ஒரு வாரக் கூட்டம் நடக்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு அறிவித்த இரண்டாயிரம் ரூபாய் கைக்கு வந்திருந்த நேரம். நாங்கள் போனபோது தெருக் கோடியில் ஒரு திண்ணையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாரத் தவணை 700. இரண்டு வாரத்துக்கு 1400. ஐவரில் ஒருத்தி வரவில்லை. அவள் வீட்டுச் சுவர் விழுந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய 1400ஐ நால்வரும் பிரித்துக் கட்டவேண்டும், ஆளுக்கு 350. அது வரும்வரை யாரும் எழக்கூடாது. யாரும் மிரட்டவில்லை. ஒரு தகாத வார்த்தை இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அடுப்பு மூட்டவேண்டும் என்று ஒருத்தி சொன்னாள், யாரும் பதில் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பணம் சேர்ந்தது. மாணவியின் தாய் கையில் அரசின் இரண்டாயிரத்தில் மிஞ்சியது 250 ரூபாய். வெள்ள நிவாரணம் வெள்ளத்தைவிட வேகமாக வடிந்ததை அங்கேதான் பார்த்தேன்.

பணத்தை எண்ணி வாங்கிய இளைஞர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஐயா, நல்லா இருக்கீங்களா ஐயா?" ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். குறுந்தொகை வகுப்பில் நன்றாகப் பேசுவார். "என்னப்பா இது, இந்த நேரத்துல?" என்று கேட்டேன். "வசூல முடிக்காம கிளைக்குத் திரும்ப முடியாது ஐயா. எனக்கும் இலக்கு இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "எங்கம்மாவும் வேற கம்பெனியில குழு லோன் வாங்கியிருக்காங்க ஐயா" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆண்டுதோறும் தமிழ்ப் பட்டதாரிகளை உருவாக்கி வெளியே அனுப்புகிறோம். ஆசிரியத் தேர்வுக்குக் காத்திருந்து களைத்தவர்களை யார் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று நம்மில் எவராவது விசாரித்ததுண்டா? எடுப்பவர்கள் விவரமானவர்கள். கிராமத்துப் பெண்களிடம் 'அக்கா', 'அம்மா' என்று வாய் நிறையப் பேசத் தெரிந்த பிள்ளை அவர்களுக்கு வேண்டும்.

இனி எதிர்த்தரப்பு. தண்டல்காரனைவிட இது மேலில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நியாயமாகவே பதில் சொல்கிறேன். பத்தாயிரம் என்று எழுதி 8500 கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கும் தண்டலின் ஆண்டு வட்டியைக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். அதைத் தடுக்கத்தான் 2003இல் தமிழக அரசு அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே அதில் தடுக்கப்பட்டன. தடுக்கப்பட்டவை திண்டிவனம் மார்க்கெட்டில் தடையின்றி நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. நுண்கடனின் வட்டி இதைவிட வெகு குறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் சொல்லப்படும் அளவுக்குக் குறைவில்லை. பத்தாயிரம் வாங்கி வாரம் 225 வீதம் ஐம்பது வாரம் கட்டினால் மொத்தம் 11,250. "நூற்றுக்குப் பன்னிரண்டரைதான்" என்று கூட்டத்தில் சொல்வார்கள். அசல் வாரந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாக அவள் கையில் இருந்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 25 சதவீதம். அரசு உதவிபெறும் கல்லூரியின் சம்பளச் சீட்டைக் காட்டி நான் வாங்கும் கடனுக்கு இதில் பாதிகூட இல்லை.

ஒரு வேற்றுமையைத் தண்டல்காரனுக்கு நான் வரவு வைக்கிறேன். அவன் கெட்டவனாக இருந்தாலும் கெட்டவன் அவனே. வாசலில் நின்று கத்துவான், ஊர் அவனைத் திட்டும், கடன்பட்டவள் பக்கம் நாலு பேர் நிற்பார்கள். நுண்கடன் அந்த நாலு பேரையே எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டது.

கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கியபோது என்னிடமும் ஜாமீன் கேட்டார்களே, நானும் சக ஆசிரியருக்குக் கையெழுத்திட்டேனே என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். உண்மைதான். அவர் தவணை தவறினால் முதலில் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள், பிறகுதான் என்னிடம் வருவார்கள். அதற்காக யாரும் எங்கள் இருவரையும் துறை வராந்தாவில் இருட்டும்வரை உட்காரவைக்கவில்லை.

அடுத்தது, "வாங்கிய கடனைத் தொழிலில் போடாமல் காதுகுத்துக்கும் மஞ்சள்நீராட்டுக்கும் செலவழிக்கிறார்கள்" என்ற புலம்பல். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வட்டிக்கு வாங்காமலே மகள் திருமணத்தை இரண்டு மண்டபத்தில் நடத்தியவர்கள். விண்ணப்பப் படிவத்தில் 'கறவை மாடு' என்று எழுதுவது யாருடைய வழக்கம்? அந்தப் படிவங்களை நம்பினால் மயிலம் ஒன்றியத்தில் மனிதரைவிட மாடுகள் அதிகம் இருக்கவேண்டும். உண்மையில் அந்தப் பணம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறது, மருத்துவமனைக்குப் போகிறது, முந்தைய நிறுவனத்தின் தவணைக்குப் போகிறது. பிறகு கணவன்மாரின் டாஸ்மாக்குக்கும் போகிறது, அதை மறைப்பானேன். என் மாணவியின் தேர்வுக் கட்டணமும் இப்படிப்பட்ட 'மாடு' ஒன்றிலிருந்து கறந்ததுதான்.

மூன்றாவது வாதம்தான் அவர்களுடைய பிரம்மாஸ்திரம். கூட்டுப் பொறுப்பு இல்லையென்றால் பணம் திரும்பாது, பணம் திரும்பாவிட்டால் ஏழைகளுக்குக் கடனே கிடைக்காது என்பது. இதற்கு நான் மங்கோலியா வரை போகவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிராமப்புறப் பெண்களிடையே சில ஊர்களில் குழுக் கடனும் சில ஊர்களில் தனிநபர் கடனும் கொடுத்துப் பொருளியல் அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2015இல் வெளிவந்தது. குழுக் கடன் கிடைத்த ஊர்களில் பெண்கள் தொழில் தொடங்குவது கூடியது, வீட்டில் உணவுச் செலவு கூடியது. இது எதிர்த்தரப்புக்குச் சாதகமான செய்தி, நான் மறைக்கவில்லை. ஆனால் குடும்ப வருமானம் கூடவில்லை. திருப்பிச் செலுத்துவதிலோ இருவகைக் கடனுக்கும் வேற்றுமையே காணப்படவில்லை. தனியாக வாங்கியவர்களும் அதே அளவுக்குக் கட்டினார்கள். பிலிப்பைன்ஸில் நடந்த சோதனையிலும் கூட்டுப் பொறுப்பை நீக்கியதால் வசூல் குறையவில்லை. இந்த முறைக்கே தாய்வீடான வங்கதேசத்துக் கிராமின் வங்கி, அதன் நிறுவனர் முகம்மது யூனுஸ் 2006இல் நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே, கூட்டுப் பொறுப்பைத் தன் விதிகளிலிருந்து கைவிட்டிருந்தது. தாய்வீட்டில் கழற்றி எறிந்த விலங்கை நம் பெண்களுக்கு வளையல் என்று விற்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆந்திரத்தில் 2010இல் கடன் நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் செய்திகள் குவிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அங்கிருந்த மிகப்பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்து கொண்டாடியது, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. மாலேகாம் குழு அறிக்கைக்குப் பின் 2011இல் ரிசர்வ் வங்கி வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2022இல் வந்த புதிய விதிகள் வட்டி வரம்பை எடுத்துவிட்டன. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து போகக்கூடாது என்றன. பாதி! ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பம் அதில் பாதியைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் வாழலாம் என்பது பாதுகாப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கடன்பட்டவரைத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, உறவினரையும் நண்பரையும் சக பணியாளரையும் துன்புறுத்தக்கூடாது என்றும் அவ்விதிகள் சொல்லின. நல்ல விதிகள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த நால்வர் உறவினரா, நண்பரா? காலையில் நண்பர்கள், கூட்டம் தொடங்கியதும் ஜாமீன்தாரர்கள். அவர்களை உட்காரவைப்பது துன்புறுத்தல் ஆகாது, ஒப்பந்தம்.

தமிழக அரசு 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த சுய உதவிக் குழுக் கடன் 2756 கோடியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது எங்கள் ஊரில் பல பெண்கள் தங்கள் கடனும் போயிற்று என்று மகிழ்ந்தார்கள். 'குழு' என்ற சொல்லை நம்பியதன் விளைவு. தனியார் நிறுவனக் கடனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2025இல் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்பதை வரவேற்கிறேன். ஆனால் அதுவும் வசூலிக்க வருகிறவனைக் கண்ணில் வைத்து எழுதப்பட்ட சட்டம். வசூலிப்பவளாக ஆக்கப்பட்ட அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி யார் எழுதுவது? ஈழத்து நண்பர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். போர் முடிந்த வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்களின் வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவற்றுள் இந்தக் கடனும் ஒன்று. 2018இல் இலங்கை அரசு வறட்சி மாவட்டப் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது சும்மா அல்ல.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நுண்கடனை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒழித்தால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று எனக்குத் தெரியும். தருகிற கடனைத் தனித்தனியாகத் தாருங்கள், வாங்கியவளிடம் மட்டும் கேளுங்கள். இழப்பு வந்தால் உங்கள் 25 சதவீத வட்டியில் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், வட்டி என்பதே அதற்கான விலைதானே. கூட்டுப் பொறுப்பு என்ற ஒப்பந்தம் செல்லாது என்று ஒரே ஒரு வரி சட்டத்தில் வரட்டும். மகளிர் தின மேடைகளில் அதற்குப் பிறகு நானே வந்து வாழ்த்திப் பேசுகிறேன்.

இலக்கியம் பேசும் நண்பர்களுக்கும் ஒன்று. நம் கதைகளில் வட்டிக்காரன் என்றால் இன்னும் பருத்த உடம்பும் தங்கப் பல்லுமாகவே வருகிறான். அவன் ஒல்லியாகிவிட்டான். தோளில் பையும் கையில் டேப்லெட்டுமாக வருகிறான், நம் மாணவனாகவும் இருக்கிறான்.

சுவர் இடிந்த அந்தப் பெண் தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். என் மாணவியின் தாயும் அவளும் ஒரே வேனில் மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். அரிசி, எண்ணெய், இருநூறு ரூபாய் என்று பதினைந்து ஆண்டு கைமாற்று. வட்டியில்லை, எழுத்தில்லை, உண்மையிலேயே ஈடில்லாதது. இப்போது பேச்சு வார்த்தை கிடையாது. "எனக்கு முந்நூத்தம்பது தரணும் ஐயா அவ. கேட்டா வெள்ளத்துல போனத எங்கிட்ட கேக்கறியான்றா" என்று இவர் சொல்கிறார். கொடுத்துவிடலாம் என்று நான் பணத்தை எடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். அவள்தான் தரவேண்டுமாம்.